மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வைரஸ் ஆய்வுக்குப் போகிற வழி: புதிதாக வருகிறவர்களுக்கு

கொரோனாவுக்குப் பிறகு உயர்தரம் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி, "வைரஸ் பற்றி ஆராய்ச்சி செய்ய என்ன படிக்க வேணும், எங்க போக வேணும்?" கேட்ட கையோடு பதிலையும் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். மருத்துவ பீடம் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் அந்தக் கதையே இல்லை, கிடைத்தாலும் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்துதான் செய்யலாம் என்று. முதல் இரண்டும் பிழை. மூன்றாவது பாதி சரி, அந்தப் பாதியை எப்படிச் சமாளிப்பது என்பதையும் இதில் எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் நாட்டில் தொற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள். சம்பளம் படிப்பிக்கிறதுக்கு வருகிறது, ஆய்வுகூடமும் மாணவர்களும் அந்தப் பதவியோடு சேர்ந்து வருகிறார்கள். ஆகவே "நான் ஆராய்ச்சி மட்டும்தான் செய்வேன், வகுப்பெடுக்க எனக்கு விருப்பமில்லை" என்று நினைக்கிறவர்கள் இங்கே சீக்கிரம் மனம் சலித்துப் போவார்கள். இரண்டையும் ஒரே தொழிலாக எடுத்துக்கொள்கிறவருக்குத்தான் கிழக்கிலிருந்து இந்தப் பாதை திறந்திருக்கிறது.

எந்த வாசலால் உள்ளே போவது

வைரஸியல் என்பது பெரும்பாலும் முதல் பட்டத்துக்குப் பிறகு பிரிந்து போகிற துறை. ஆகவே முதல் பட்டம் பல வகையாக இருக்கலாம்.

மருத்துவம் ஒரு வாசல். 5 வருட எம்.பி.பி.எஸ்., ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதற்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் வைரஸியலில் எம்.டி.யும் அதற்குப் பிந்திய பயிற்சியும் முடித்தால் விசேட வைத்திய நிபுணராகலாம். நோயாளியின் மாதிரியைப் பார்த்து "இது இன்ன வைரஸ்" என்று பொறுப்போடு கையெழுத்துப் போடுகிற ஆள் அவர்தான். பிள்ளையாரடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருப்பதால் முதல் கட்டத்தை ஊரிலிருந்தே முடிக்கலாம். நீளமான பாதை, ஆனால் தெளிவாகப் போடப்பட்ட பாதை.

மிருக வைத்தியம் இன்னொன்று. அதற்கு நாட்டில் பேராதனை மட்டும்தான். விசர்நாய்க்கடி, பறவைக்காய்ச்சல், படுவான்கரையில் மாடு வளர்க்கிறவர்களை அடிக்கடி கலங்க வைக்கிற கால் வாய் நோய் எல்லாம் வைரஸ்தான். புதிதாக மனிதரைப் பிடிக்கிற வைரஸ்களில் பெரும்பாலானவை விலங்குகளிலிருந்து வருகிறவை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வாசலை நம் பிள்ளைகள் கண்டுகொள்ளாமல் விடுவது பெரிய நட்டம்.

விஞ்ஞான பீடம். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையிலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை பிரயோக விஞ்ஞான பீடத்திலும் உயிரியல் பிரிவு இருக்கிறது. விலங்கியலிலோ தாவரவியலிலோ சிறப்புப் பட்டம் எடுத்து, மூலக்கூற்று உயிரியல் பக்கம் திரும்பி வைரஸுக்குள் போகலாம். இங்கே படிக்கிற பெரும்பாலானோருக்குப் பொருந்துவது இதுதான் என்பதால் கீழே இதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

விவசாய பீடத்துக்குப் போகிறவர்கள் "எனக்கு வைரஸோடு என்ன" என்று நினைக்க வேண்டாம். உலகில் முதன்முதலாக வைரஸ் என்று பிடிபட்டதே புகையிலைச் செடியின் நோய்தான், 1892இல் இவனோவ்ஸ்கியும் 1898இல் பைஜரிங்கும் செய்த வேலை. களுதாவளைப் பக்கம் தோட்டம் செய்கிறவர் மிளகாய் இலை சுருண்டுபோச்சு, வெண்டி இலை நரம்பெல்லாம் மஞ்சளாகுது என்று கவலைப்படுகிறாரே, அதற்குப் பின்னாலும் பெரும்பாலும் வைரஸ்தான் நிற்கிறது. மரவள்ளியைத் தாக்குகிற ஒரு வைரஸுக்கு இலங்கையின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. தாவர வைரஸ் மனிதருக்குத் தொற்றாது, அதனால் பாதுகாப்பு ஏற்பாடு குறைந்த ஆய்வுகூடத்திலும் உருப்படியான வேலை செய்யலாம். வசதி குறைந்த இடத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

கடைசியாக எம்.எல்.ரி. என்கிற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. இந்த வழியால் வந்தவர்கள் பெரிய ஆராய்ச்சியாளராக முடியாது என்று யாராவது சொன்னால் ஜூன் அல்மெய்டாவைச் சொல்லுங்கள். கிளாஸ்கோவில் பஸ் சாரதி ஒருவரின் மகள், 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1960களில் மனிதரைத் தொற்றுகிற கொரோனா வைரஸை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் முதன்முதலாகக் காட்டியது அவருடைய கைகள்தான்.

இசட் புள்ளியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கடைசி வகைக்குள்ளும் வருகின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை ஆறுதலாக இருந்து முழுதாக வாசியுங்கள், ரியூஷன் வாத்தியார் சொல்வதை மட்டும் நம்பி விருப்ப ஒழுங்கை எழுதாதீர்கள்.

கம்பஸுக்குள் போன பிறகு

3 வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வருவது வேலைக்கு உதவலாம், விரிவுரையாளர் பதவிக்கு உதவாது. 4 வருடச் சிறப்புப் பட்டம் வேண்டும், அதிலும் வகுப்புச் சித்தி வேண்டும். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாவது பெரும்பாலும் முதல் இரண்டு வருடப் புள்ளிகளிலேயே தீர்மானமாகிவிடும், ஆகவே "கடைசி வருஷத்தில பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவைக்க வேண்டாம்.

ஆய்வுகூடம் இல்லை, இயந்திரம் இல்லை என்று காத்திருக்கவும் வேண்டாம். மடிக்கணினி ஒன்றும் இணையமும் இருந்தால் இன்று பின்னேரமே இரண்டு வேலை தொடங்கலாம்.

முதலாவது, சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு ஒவ்வொரு கிழமையும் நோய்க் கணக்கு வெளியிடுகிறது. அதில் மட்டக்களப்பு ஒரு வரி. அம்பாறை மாவட்டம் மட்டும் அம்பாறை, கல்முனை என்று இரண்டு வரியாக வரும், ஏனென்றால் சுகாதார நிர்வாகம் அப்படிப் பிரிந்திருக்கிறது. இது தெரியாமல் அம்பாறை வரியை மட்டும் எடுத்து முழு மாவட்டமும் இதுதான் என்று எழுதினால் கரையோரம் பெருமளவு காணாமல் போய்விடும். சில வருடங்களின் டெங்குக் கணக்கை எக்ஸலில் போட்டுக் கொழும்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழையோடு கொழும்பில் ஜூன், ஜூலையில் ஏறுகிற கோடு, இங்கே மாரி மழை தொடங்கிய பிறகு டிசம்பர், ஜனவரிப் பக்கம் ஏறுவதைக் காண்பீர்கள். புத்தகத்தில் படிப்பதைவிட உங்கள் கையால் கீறிய அந்தக் கோடு நன்றாக மனதில் நிற்கும்.

இரண்டாவது, உலகமெங்கும் வாசிக்கப்பட்ட வைரஸ் மரபணு வரிசைகள் ஜீன்பேங்க் என்கிற இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கையிலிருந்து பதியப்பட்ட டெங்கு வரிசைகளை இறக்கி, மெகா என்கிற இலவச மென்பொருளில் போட்டு, எந்த வரிசை எதற்கு உறவு என்று கிளைப்படம் கீறிப் பழகுங்கள். முதல் முறை ஒன்றும் விளங்காது. மூன்றாம் நாள் கேள்விகள் வரத் தொடங்கும். அந்தக் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், பின்னுக்கு ஆய்வுத் தலைப்பாவது அதிலிருந்துதான்.

ஆங்கிலத்தைப் பற்றிப் பலருக்கும் கூச்சம் இருக்கிறது. பேச்சாங்கிலம் சரளமாக வரும்வரை நிற்கத் தேவையில்லை, ஆய்வுக் கட்டுரை வாசிக்கிற ஆங்கிலம் வேறு, அது குறைந்த சொற்களுக்குள் திரும்பத் திரும்பச் சுழல்வது. கிழமைக்கு ஒரு கட்டுரை, முதலில் படங்களையும் அட்டவணைகளையும் பார்த்து, பிறகு முறைகள் பகுதியை வாசித்து, அறிமுகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கையைப் பழக்குவது

எனக்கு இதில்தான் கூடுதல் அக்கறை. பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள்கூட மாதிரி கையாளத் தெரியாமல் தடுமாறுகிறார்கள். வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கிற பிசிஆர் இயந்திரம் எவ்வளவு விலையானதாக இருந்தாலும் கெட்டுப்போன இரத்தத்திலிருந்து உண்மையை எடுத்துத் தராது.

ஒரு சின்னக் குழாயை எடுத்துக்கொள்வோம். டெங்கு சந்தேகமான ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம் உள்ளே இருக்கிறது. மூடியில் பெயர் எழுதாதீர்கள், மூடி மாறிப் போகும். குழாயின் உடம்பில், அல்கஹோல் பட்டால் அழியாத பேனையால், இலக்கமும் மாதிரி எடுத்த திகதியும் எழுதுங்கள். அப்புறம் மிக முக்கியமானது, காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள் என்பது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வைரஸின் என்.எஸ்.1 புரதம் முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிபடும், ஐ.ஜி.எம். பிறபொருளெதிரி அநேகமாக 5ஆம் நாள் அளவில்தான் தலைகாட்டும். நாள் தெரியாவிட்டால் 'இல்லை' என்று வந்த முடிவு உண்மையிலேயே இல்லையா, நேரம் பிந்தியதா, முந்தியதா என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு அந்தச் சீரத்தை ஒரே குழாயில் வைக்காமல் மூன்று நான்கு சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். ஒவ்வொரு தடவை உருக்கி உறைய வைக்கும்போதும் வைரஸின் ஆர்.என்.ஏ. சிதையும். வைரஸ் மாதிரிகளை நீண்ட காலம் வைக்க மைனஸ் 80 பாகை வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானாகத் தொடங்குமா, லீவு நாளில் யார் வந்து பார்ப்பார்கள் என்பதையும் மாதிரி சேர்க்கத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. பல கம்பஸ்களில் லமினார் ஃப்ளோ என்கிற கண்ணாடிக் கூடு இருக்கும், இழைய வளர்ப்புக்கும் ஊடகம் ஊற்றவும் பாவிப்பது. அதன் காற்று உள்ளேயிருந்து உங்கள் முகத்தைப் பார்த்து வருகிற வகைதான் பெரும்பாலும். மாதிரியைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. நோயாளியின் மாதிரியை அதற்குள் ஒருபோதும் திறக்கக் கூடாது. அதற்கு உயிரியல் பாதுகாப்புக் கூடு வேண்டும், வெளிக்காற்றை உள்ளே இழுத்து வடிகட்டி அனுப்புவது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆகவே புது இடத்துக்குப் போனால் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. வேலை தொடங்குவதற்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றையும் போட்டு முடியுங்கள். முதல் ஊசிக்கும் கடைசிக்கும் இடையில் வழக்கமாக 6 மாதம் போகும், அதனால் இன்றைக்கே தொடங்குவது நல்லது. நாய், வௌவால் என்று விலங்குகளோடு வேலை என்றால் விசர்நாய்க்கடிக்கான முன்கூட்டிய தடுப்பூசியும் வேண்டும்.

பிசிஆர் செய்கிற இடத்தில் ஒரு வழிப்பாதைதான். கலவை தயாரிக்கிற சுத்தமான அறையிலிருந்து மாதிரி சேர்க்கிற அறைக்கு, அங்கிருந்து இயந்திரத்துக்கு. திரும்பி அதே கோட்டோடும் கையுறையோடும் சுத்தமான அறைக்குள் வரக்கூடாது. ஒவ்வொரு தடவையும் மாதிரி போடாத, கலவை மட்டும் உள்ள குழாய் ஒன்றும் சேர்ந்து ஓட வேண்டும். அதில் 'உண்டு' என்று வந்தால் அன்றைய வேலை முழுவதையும் தூக்கி எறியத்தான் வேண்டும், எவ்வளவு மனவருத்தமாக இருந்தாலும்.

விரிவுரையாளர் பதவிக்கு

பட்டம் முடிந்ததும் பெரும்பாலானவர்கள் தொடங்குவது தற்காலிகப் பதவிகளில், டெமோ என்று கம்பஸில் சொல்வது. சம்பளம் பெரிதில்லை, ஒப்பந்தம் சின்னது. ஆனாலும் எடுங்கள். செயன்முறை வகுப்பு நடத்திப் பழகுவீர்கள், துறையின் கருவிகள் கைக்குள் வரும், கட்டுரை ஒன்றாவது எழுத நேரம் கிடைக்கும்.

பிறகு தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்கலாம். நேர்முகத்தில் ஒரு சின்ன விளக்கவுரையும் செய்யச் சொல்வார்கள், அங்கே பலர் செய்கிற பிழை தெரிந்ததையெல்லாம் கொட்டுவது. கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை முதலாம் வருடப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால் போதும், உதாரணத்துக்கு "டெங்கு இரண்டாம் தரம் வரும்போது ஏன் சிலருக்குக் கடுமையாகிறது" என்பது. பதவி கிடைத்த பிறகு குறித்த காலத்துக்குள் பட்டப்பின் படிப்பு முடித்தால்தான் நிரந்தரம். படிப்பு விடுமுறையில் வெளிநாடு போகும்போது திரும்பி வந்து சேவை செய்வதாகப் பிணை எழுத வேண்டும், கையெழுத்துப் போடுகிற உறவினரிடம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாக வாசித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். பின்னுக்குக் குடும்பங்களுக்குள் வருகிற சண்டையை இது தவிர்க்கும்.

கலாநிதிப் பட்டம் எங்கே

இங்கே செய்வதென்றால் பேராதனையின் பட்டப்பின் விஞ்ஞான நிறுவனம், கொழும்பில் உயிரிரசாயனம், மூலக்கூற்று உயிரியலுக்கென்று இருக்கிற நிறுவனம், ஶ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் எல்லாம் பார்க்கலாம். கடைசியாகச் சொன்ன இடத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு டெங்கு நோயெதிர்ப்புப் பற்றி உலகம் கவனிக்கிற வேலை செய்தது, கொரோனாக் காலத்தில் திரிபுகளை வரிசைப்படுத்தியதும் அங்கேதான். வெளிநாட்டுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலும் நம்மவர்கள் வழக்கமாகப் போகிற வழிகள்.

பேராசிரியர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதுவதாக இருந்தால் சுருக்கமாக எழுதுங்கள். அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், அதில் எந்த முடிவு உங்களை யோசிக்க வைத்தது, உங்களுக்குக் கையால் என்ன செய்யத் தெரியும், எந்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள். அவ்வளவும் பத்துப் பன்னிரண்டு வரிக்குள் அடங்கும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் வாசிக்கிற முதல் ஆளே கண்டுபிடித்துவிடுவார்.

வீட்டில் பேசுவதும் இந்தப் படியில் ஒரு வேலை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு. "இன்னும் எத்தனை வருஷம் படிப்பு, கல்யாணம் எப்ப?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். இது புலமைப்பரிசில் பணமோ சம்பளமோ கைக்கு வருகிற படிப்பு, வீட்டுக் காசில் நடக்கிற ஒன்றில்லை என்பதைக் கணக்கோடு சொல்லுங்கள். ஏற்கெனவே போய் வந்த அக்கா ஒருவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து அம்மாவோடு பேச வைத்தால் பாதி வேலை முடியும்.

எந்தக் கேள்வியை எடுப்பது

மாலிக் பீரிஸைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். கண்டியில் பிறந்து பேராதனையில் மருத்துவம் படித்தவர். ஒக்ஸ்போர்ட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தபோது, பிறபொருளெதிரிகள் சில வேளை வைரஸைத் தடுக்காமல், அது நோயெதிர்ப்புக் கலங்களுக்குள் இலகுவாகப் போகவே வழி செய்துவிடுகின்றன என்பதைக் காட்டினார். மேலே நான் சொன்ன 'இரண்டாம் தரம் டெங்கு' கேள்விக்கு விடையின் ஒரு முக்கிய துண்டு இது. படித்து முடித்துப் பேராதனைக்கே திரும்பி வந்து வைரஸ் ஆய்வுகூடம் கட்டி, நாட்டுக்குள் இருந்த ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் வேலை செய்தார். 1995இல் ஹொங்கொங் போனார், 2003இல் சார்ஸ் நோய்க்குக் காரணமான கொரோனா வைரஸைக் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். கையில் இருந்த நோயில் பழகிய கைதான் பின்னுக்குப் புதிய நோயிலும் வேலை செய்தது.

மாணவர் ஆய்வு என்று குறைவாக நினைக்கவும் வேண்டாம். 1986இல் சென்னையில் நிர்மலா என்கிற நுண்ணுயிரியல் மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், தன் பட்ட ஆய்வுக்காகச் சேர்த்த இரத்த மாதிரிகளை வேலூரில் பரிசோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது.

இங்கே கேள்விகளுக்குக் குறைவில்லை. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் பெருகும் என்று காலங்காலமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். 2011இல் வெளியான ஆய்வொன்று, வடக்கு கிழக்குக் கரையோரத்தில் கைவிட்ட தோணிகளிலும் பாவிக்காத கிணறுகளிலும் தேங்கிய உவர் நீரிலும் அந்த நுளம்பின் குடம்பிகள் வளர்வதைக் காட்டியது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். 2006இல் சிக்குன்குன்யா நாட்டுக்குள் பெரிதாகத் திரும்பி வந்தபோது மட்டக்களப்பும் கல்முனையும் முன்வரிசையில் அடிபட்டன. வயலில் இறங்கி வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் அது டெங்கா, பற்றீரியாவால் வருகிற எலிக்காய்ச்சலா என்று முதல் இரண்டு நாளில் பிரித்தறிவது இன்னும் கஷ்டம்தான். வாவியில் வந்து இறங்குகிற வலசைப் பறவைகள் என்னென்ன கொண்டு வருகின்றன என்பதும் ஒரு கேள்வி.

தலைப்பை எடுத்த பிறகு நாட்காட்டியைப் பாருங்கள். டெங்கு நோயாளிகளின் இரத்த மாதிரிகள் மாரி மழை தொடங்கிய பிறகுதான் கூடுதலாகக் கிடைக்கும். டிசம்பரில் மாதிரி எடுக்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி நவம்பருக்குள் கையில் இருக்க வேண்டும், குழு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பும், ஆகவே விண்ணப்பம் ஆனி ஆடியிலேயே போக வேண்டும். இரசாயனங்கள் கொழும்பிலிருந்து, சில வேளை வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும். இதைக் கணக்குப் பார்க்காதவர்களுக்கு ஒரு மாரி தவறும், அடுத்த மாரிக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஊருக்குள் போகும்போது

எம்.ஓ.எச். என்கிற சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குச் சொல்லாமல், பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளாமல் வீடு வீடாக இரத்தம் எடுக்கப் போகாதீர்கள். ஊரைப் பொறுத்துக் கோயில் நிர்வாகத்திடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் முதலே போய்ப் பேசுங்கள். பெண்களுக்கு இரத்தம் எடுக்கப் பெண் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் பகலில் போகாமல் நாளை மாற்றி வையுங்கள். சம்மதப் படிவம் நல்ல தமிழில், அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் விளங்குகிற தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தை அப்படியே மொழிமாற்றி அடித்தால் எழுதியவருக்கே விளங்காது. எடுத்த இரத்தத்தின் முடிவை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் பிறகு எட்டியும் பார்க்கவில்லை என்று ஒரு ஊரில் பேச்சு வந்துவிட்டால் உங்களுக்குப் பின்னால் வருகிற மாணவனுக்கும் அந்த ஊரின் கதவு திறக்காது.

படிப்பிக்கும்போது

தமிழில் உயர்தரம் படித்த பிள்ளைகள் முதல் நாளே ஆங்கிலத்தில் வைரஸ் பாடம் கேட்டுக் கண்ணை மூடி மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். முதலில் விஷயத்தைத் தமிழில் விளங்கப்படுத்தி, பிறகு ஆங்கிலத்தில் அதையே சொல்லி, பரீட்சை விடையை எப்படி எழுதுவது என்று காட்டினால் அந்தப் பழக்கம் குறையும்.

குறைந்த செலவில் வைரஸைக் கண்ணால் காட்டுகிற செயன்முறை ஒன்று இருக்கிறது, பற்றீரியாவைத் தின்கிற பேஜ் வைரஸை வைத்துச் செய்வது. டவுனுக்குள் ஓடுகிற வடிகாலில் அல்லது வாவியில் வடிகால் விழுகிற இடத்தில் கையுறை போட்டுக்கொண்டு ஒரு போத்தல் தண்ணீர் எடுங்கள். கசடு அடியில் படிந்த பிறகு மேல் நீரை நுண்வடிகட்டியால் வடித்தால் பற்றீரியா தங்கிவிடும், பேஜ் கீழே வரும். வடிகட்டி வாங்கக் காசில்லையென்றால் சில துளி குளோரோஃபோம் விட்டுக் குலுக்கி அடைய விட்டு மேலிருந்து எடுத்தாலும் சரி. தீங்கில்லாத இ. கோலை கே-12 வகையை அதோடு கலந்து, இளஞ்சூட்டில் உருகி நிற்கிற மென் ஏகாரில் சேர்த்துத் தட்டில் ஊற்றி, 37 பாகையில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் தட்டு முழுக்கப் பற்றீரியா மங்கலாகப் படர்ந்திருக்கும், நடுவில் அங்கங்கே தெளிவான வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு வைரஸில் தொடங்கியது. வடிகால் தண்ணீரில் பேஜ் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு வட்டத்தைக் குத்தி எடுத்து இ. கோலையில் வளர்த்து, அந்தச் செறிந்த கலவையைக் கணக்குக்குப் பாவியுங்கள். 10 இலட்சம் மடங்கு ஐதாக்கி, அதில் 0.1 மில்லிலீற்றர் ஊற்றிய தட்டில் 45 வட்டம் என்றால், முதல் கலவையில் ஒரு மில்லிலீற்றருக்கு 45 கோடி. பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தாங்களாகவே போட்டு முடிக்கிற நேரத்தில் வகுப்பில் வருகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்கவே நான் இந்த வேலையில் இருக்கலாம். முடிந்ததும் தட்டுகளை ஓட்டோகிளேவ் என்கிற அழுத்த நீராவிக் கருவியில் அவித்த பிறகுதான் குப்பைக்குப் போட வேண்டும்.

இறுதியாண்டு மாணவருக்குத் தலைப்புக் கொடுக்கும்போது ஆறு மாதத்துக்குள் முடிகிறதாகக் கொடுங்கள். வைரஸைக் கலத்தில் வளர்த்தெடுப்பது மாதிரியான வேலை அந்தக் காலத்துக்குள் அடங்காது.

வெளியே பேச வேண்டி வரும்போது

வைரஸ் தெரிந்தவர் ஆய்வுகூடத்துக்குள் மட்டும் இருந்துவிட முடியாது. 2020இல் கொரோனாவால் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தியது. புதைத்தால் நிலத்தடி நீருக்குள் வைரஸ் போகும் என்றார்கள். அதற்கு ஆதாரம் இருக்கவில்லை, உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றே சொல்லியிருந்தது. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில், நம் மாவட்டத்து மண்ணில், புதைக்க இடம் கொடுத்தார்கள். நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனாஸாக்கள் அங்கே வந்தன. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. உடலுக்கு வெளியே, மண்ணில், தண்ணீரில் ஒரு வைரஸ் எவ்வளவு நேரம் உயிர்ப்போடு இருக்கும் என்பது வைரஸியலின் அடிப்படைக் கேள்வி. அதைத் தெளிவாகத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்திருக்க வேண்டும். ஆகவே சிங்களம் பேசப் படியுங்கள். வானொலிக்கோ பத்திரிகைக்கோ பேசும்போது தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், தெரியாததற்கு "இன்னும் ஆதாரம் இல்லை" என்று சொல்லப் பழகுங்கள். கேட்டவரின் கேள்வியையும் உங்கள் பதிலையும் அன்றைக்கே எழுதி வைப்பது நல்லது, பிறகு வெட்டி ஒட்டிப் போட்டால் காட்டலாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது

உயர்தரம் எழுதிக் காத்திருக்கிறவர்கள் கையேட்டை வாசியுங்கள், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்று பழைய சுகாதார அட்டையைத் தேடிப் பாருங்கள். கம்பஸில் இருக்கிறவர்கள் துறைத் தலைவரிடம் போய் விடுமுறைக் காலத்தில் வைத்தியசாலை ஆய்வுகூடம் ஒன்றில் நின்று பார்க்கக் கடிதம் தரச் சொல்லிக் கேளுங்கள். சும்மா கேட்டால் இழுபடும், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்று எழுதிக்கொண்டு போங்கள். பட்டம் முடித்தவர்கள் பெறுபேற்றுப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதிகளை இப்போதே எடுத்து வையுங்கள். புலமைப்பரிசில் விளம்பரம் வந்தால் கிடைப்பது சில கிழமைகள்தான். பரிந்துரைக் கடிதம் தருகிற இரண்டு பேரிடமும் விளம்பரம் வருவதற்கு முன்பே போய்ப் பேசி, உங்கள் ஆய்வின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.